நக்கோ

நாச்சாரத்தில் எங்கள் மென்பொருளை எளிமையாக்க வந்த ஆலோசகர், போலாரத்தில் வளர்ந்த தமிழர். கசங்காத வெள்ளைச் சட்டை, காலி மேசை. எதைக் காட்டினாலும் மோவாயைச் சொறிந்தபடி, “இது கைக்கு? நக்கோ” என்பார். அந்த ஊர் உருதுவில் ‘கைக்கு’ என்றால் எதற்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம்; அவ்வளவுதான் அவருடைய மொத்த ஞானமும்.

“அழிக்கறதுக்கு முன்னாடி ‘நிச்சயமா?’ன்னு ஒரு தடவை கேக்கணும் சார்” என்று மன்றாடினேன்.

“நக்கோமா. அழிக்கிறவனுக்குத் தெரியாதா?”

போவன்பள்ளி காய்கறி மொத்த வியாபாரிக்கு இயக்கிக் காட்டும்போது இவர் விரல்தான் அழிக்கும் பொத்தானில் தவறிப் பட்டது. வியாபாரியின் வாடிக்கையாளர் விவரம் அத்தனையும் போயிற்று. பேக்கப்புக்கும் ஏற்கெனவே நக்கோ சொல்லியிருந்தார். வியாபாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இவரோ வெறும் திரையை ரசித்துப் பார்த்தார்.

“இப்பப் பாருங்க, எவ்வளவு சிம்பிளா இருக்கு!”

அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.