பத்திநாதரின் இரண்டாவது கார்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தமிழ்க் கடையின் கண்ணாடியில் தன் கணவரின் பெயர் ஒட்டியிருப்பதை முதலில் பார்த்தவர் றெஜினாதான். அறை வாடகை, சமையலுக்கு ஆள் தேவை போன்ற துண்டுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு கடதாசி. 1950களில் இலங்கையில் கார்ப் பந்தயம் ஓடிய எம். பத்திநாதர் என்பவரையோ அவருடைய உறவினரையோ தேடுகிறேன் என்று எழுதி, கீழே ஹென்றி என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது.

"உங்கட பேரைக் கடையில ஒட்டியிருக்கினம். ஆரோ ஒரு வெள்ளைக்காரன் தேடுறானாம்," என்றார் வீட்டுக்கு வந்து.

அது 2007 மே மாதம். பத்திநாதருக்கு அப்போது எழுபத்தேழு வயது. மொன்றியலுக்கு வந்து இருபத்தொரு வருடங்களாகியிருந்தன. உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் பத்து வருடம் இஸ்திரி போட்டார். பிறகு மாதா கோயிலில் பனி அள்ளுவது, கதிரை அடுக்குவது, பழுதான சூடாக்கியைத் திருத்துவது என்று கூப்பிட்ட வேலைக்குப் போனார். அவர் ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் ஓடியவர் என்பது அந்தக் கோயில் பங்குச் சனத்தில் யாருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

அவருக்கு மூன்று பந்தயக் கார்கள் இருந்தன. மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போய் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், 1951இல், கழித்துப் போட்டிருந்த ஓர் ஒஸ்ரின் செவனை எடுத்து, மேல்தகரம் முழுவதையும் கழற்றி, பலகையில் இருக்கை அடித்துக் கட்டுக்குருந்த விமானத் தளத்தில் ஓடினார். கடைசிக்கு முந்தியவராக வந்தார். இரண்டாவது, பழைய மொறிஸ் எயிட் ஒன்றின் அடிச்சட்டத்தில் அலுமினியத் தகடு வளைத்துத் கராஜ் ஆட்கள் தாங்களாகவே கட்டியது. ஒடுங்கி உட்கார்ந்தால் இரண்டு பேர் போகலாம். மூன்றாவது ஒரு தேயிலைத் தோட்டத்துரையின் எம்.ஜி. கார். அதில்தான் 1957இல் நுவரெலியா மலைப்பாதைப் போட்டியில் தன் பிரிவில் வென்றார். பேப்பரில் படம் வந்தது. அடுத்த வருடம் ஓடுவதை விட்டுவிட்டார்.

ஹென்றி ஓய்வு பெற்ற பல்வைத்தியர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வீடு. தொலைபேசியில் பேசிய மறுநாளே வந்து பத்திநாதரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையின் கதவைத் திறந்தபோது உள்ளே இரண்டாவது கார் நின்றது. பச்சை நிறம் பூசியிருந்தார்கள். அவர் ஓடும்போது அது வெறும் தகட்டு நிறம். இங்கிலாந்துக்குக் கப்பலில் போய், மூன்று கை மாறி, போன வருடம்தான் ஹென்றியிடம் வந்திருந்தது.

"இதுதானா?" என்று ஹென்றி ஆங்கிலத்தில் கேட்டார்.

பத்திநாதர் குனிந்தார். மெதுவாக முழந்தாளிட்டு, இடது முன்சில்லுக்குப் பின்னால் கையைவிட்டு அடிச்சட்டத்தைத் தடவினார். ஒட்டுப் போட்ட இடம் தட்டுப்பட்டது. அவரே வெல்ட் செய்த ஒட்டு.

"இதுதான்," என்றார். "ஆனால் இது வென்ற கார் இல்லை. வென்றது எம்.ஜி."

ஹென்றியின் முகம் வாடியது. 1957இல் வென்ற கார் என்று கடதாசிகளில் எழுதி விற்றிருந்தார்கள். ஆனாலும் அவர் நல்ல மனிதர். ஜூலையில் பழைய கார்களின் காட்சி ஒன்று இருக்கிறது, காரின் பக்கத்தில் வைக்கும் பலகையில் சரியான வரலாற்றையே எழுதுவோம் என்று கொப்பியை எடுத்தார்.

"இந்த ஒட்டு எதனால்?"

"1956. பயிற்சி ஓட்டத்தில் கார் புரண்டது. ஸ்டியரிங் போல்ட் ஒன்று உடைந்துவிட்டது."

"எப்படி உடைந்தது?"

"மெக்கானிக் கவனிக்கவில்லை," என்றார் பத்திநாதர்.

விபத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த நாளிலிருந்தே சொல்லிவந்த பதில் அது. கேட்டவுடன் வாயில் வந்துவிட்டது. ஹென்றி அதை எழுதிக்கொண்டார்.

அன்று மாலை பத்திநாதர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். றெஜினா என்னவென்று கேட்கவும் சொல்லத் தொடங்கினார்.

அந்த மெக்கானிக் கணேசலிங்கம். ஒரே கராஜில் வேலை செய்தவர். இரண்டாவது காரின் எஞ்சினை முழுக்கக் கட்டியவர். பயிற்சி நாள் காலையில் ஸ்டியரிங் போல்ட்டின் புரி தேய்ந்திருப்பதைக் கண்டு, அதைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொன்று தேடி டவுனுக்குப் போனார். பயிற்சி முடிய அரை மணி நேரமே இருந்தது. பத்திநாதருக்குப் பொறுக்கவில்லை. ஒதுக்கி வைத்த போல்ட்டையே எடுத்துப் பூட்டினார். கணேசலிங்கம் வெறுங்கையோடு திரும்பி வந்து, எதைப் போட்டாய் என்று கேட்டபோது, கருவிப் பெட்டிக்குள் புதிது ஒன்று கிடந்தது என்று சொன்னார். பயிற்சியில் பக்கத்தில் ஆள் ஏறலாம். கணேசலிங்கம் ஏறினார். இரண்டாம் வளைவில் கார் புரண்டு, அவருடைய வலது கால் அடியில் அகப்பட்டது.

கராஜ் முதலாளி யாருடைய பிழை என்று கேட்டார். பத்திநாதர் பேசாமல் நின்றார். அந்த மௌனமே பதிலாகிவிட்டது; பிறகு கேட்டவர்களுக்கு மெக்கானிக் கவனிக்கவில்லை என்றே சொல்லத் தொடங்கினார். கணேசலிங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

றெஜினாவுக்குக் கணேசலிங்கத்தைத் தெரியும். பக்கத்து நகரமான லவாலில் மகனோடு இருக்கிறார். கலியாண வீடுகளில் வலது காலை இழுத்து நடந்து வருவார். இரண்டு ஆண்களும் தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

"இவ்வளவு நாளும் வாயில கிடந்தது. இனி எழுத்தில வரப்போகுது," என்றார் றெஜினா. "அந்த மனுசன் உயிரோட இருக்கேக்க."

"ஓம்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. அவருக்கு முதல் சொல்லுங்கோ. பேந்து ஹென்றியிட்டச் சொல்லலாம்."

லவாலுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்திநாதர் கடைசி நிலையம் வரை போய், அங்கிருந்து பஸ் எடுத்தார். கதவைத் திறந்த கணேசலிங்கம் அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பத்திநாதர் அதைத் தொடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் கணேசலிங்கம்.

"எப்ப தெரியும்?"

"அப்பவே. அந்தப் பெட்டியை அடுக்கினது நான். அதுக்குள்ள புது போல்ட் இருக்கேல்ல."

பத்திநாதர் நிமிர்ந்தார். "அப்ப ஏன் ஏறினனீ?"

"நீ இருக்கெண்டு சொன்னாய். நான் காணாமல் விட்டிட்டனோ எண்டு நினைச்சன். பிரண்டாப் பிறகு ஆஸ்பத்திரியில கிடந்து யோசிச்சன். இருக்கேல்லத்தான்."

"முதலாளியிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ ஓட்டுறவன். நான் ஸ்பானர் பிடிக்கிறவன். ஆர் நம்பியிருப்பினம்? நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்தனீ. தோடம்பழம் கொண்டு வந்தனீ. சொல்லேல்ல."

பத்திநாதர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வந்தது, அடக்கினார். கணேசலிங்கம் ஆறுதல் சொல்லவில்லை. "தேத்தண்ணி ஆறுது," என்று மட்டும் சொன்னார்.

புறப்படும்போது வாசலில் வைத்துக் கணேசலிங்கம் சொன்னார்: "பலகையில எழுதுறதெண்டா ஒழுங்கா எழுதச் சொல்லு. போல்ட்டை நீ போட்டனீ எண்டு. எஞ்சினை நான் கட்டினனான் எண்டும்."

பத்திநாதர் நடந்ததைச் சொன்னதும் ஹென்றி பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ஓட்டியவரின் பெயருக்கு மேலே கட்டியவரின் பெயரைப் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றார் பத்திநாதர்.

காட்சியன்று பலகை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நின்றது. ஓட்டுநர் தேய்ந்த போல்ட்டைப் பூட்டியதால் கார் புரண்டது, அதைக் கட்டிய மெக்கானிக் காயமடைந்தார் என்ற வரிகளை ஆட்கள் வாசித்துவிட்டு, பக்கத்தில் கதிரையில் இருந்த கிழவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் நீங்களா என்றும் கேட்டார்கள். "ஓம், நான்தான்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். முதல் இரண்டு மூன்று தடவை கடினமாக இருந்தது.

கணேசலிங்கம் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. மத்தியானம் மகனின் காரில் வந்து இறங்கினார். பொல்லை ஊன்றி நடந்து வந்து, பலகையை ஆறஅமர வாசித்தார். தன் பெயரின் ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதை ஹென்றிக்குக் காட்டினார். பிறகு எஞ்சினை ஓடவிடச் சொன்னார்.

ஹென்றி ஓடவிட்டார். கணேசலிங்கம் தலையைச் சரித்துக் கேட்டார்.

"எஞ்சின் டைமிங் பிந்தியிருக்கு," என்றார்.

குனிய அவருக்குக் கால் இடம் கொடுக்கவில்லை. ஹென்றி கொடுத்த ஸ்பானரை வாங்கிப் பத்திநாதர்தான் குனிந்தார். "இன்னும் கொஞ்சம். கூடிப்போச்சு. திருப்பு. காணும், விடு." கணேசலிங்கம் சொல்லச் சொல்ல அவர் திருப்ப, சத்தம் சீரானது. ஹென்றி வாயைத் திறந்தபடி நின்றார். ஆறு மாதமாக அதோடு மல்லுக்கட்டியிருந்தாராம்.

"அந்த எம்.ஜிக்கு என்ன நடந்தது?" என்று கணேசலிங்கம் கேட்டார்.

"தெரியேல்ல. துரை வித்திட்டார்."

"அது வெண்ட கார்தான். ஆனா இது அதைவிட நல்ல கார்."

"ஓம்," என்றார் பத்திநாதர், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே.