பரிபூரணம் போடும் நம்பர்

“அஞ்சு, ஆறு, நாலு, ஏழு.”

“செத்த நில்லுங்க. அது ஏழா, ஒண்ணா?”

“ஏழுட்டி. கோல்ஃபுல எவன் ஒண்ணு போடுதான்?”

“போட்டிருக்காவ. மேஜர் தாப்பா தொண்ணூத்தெட்டுல போட்டாவ. நாந்தான் டைப் அடிச்சேன்.”

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணி. இராஜபாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் வாராவாரம் இந்தப் பேச்சு கேட்கும். ஓய்வுபெற்ற ஹவில்தார் சங்கிலிப்பாண்டி போனைக் கைநீட்டம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதில் படமாக வந்த ஸ்கோர் கார்டின் எண்களை வாசிப்பார். மனைவி பரிபூரணம் தட்டச்சு செய்வார். பானை அளவுக்குப் பின்பக்கம் புடைத்த பழைய மானிட்டர். வெள்ளை நிறம் மஞ்சளாகிவிட்ட கீபோர்டு. பக்கத்தில் கறிக்கடைப் பை அவிழ்க்கப்படாமல் கிடக்கும். குழம்பு, நம்பர் போட்ட பிறகுதான்.

பரிபூரணத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. வாரநாட்களில் ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் பில் போடுகிறார். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் மட்டும் உட்காருவார், இல்லாவிட்டால் நின்றே வருவார். கோல்ஃப் மட்டையை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. ஆனால் வடக்கே இருக்கும் பன்னிரண்டு கிழவர்களின் ஆட்டம் முழுக்க அவர் கையில் இருக்கிறது.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் சங்கிலிப்பாண்டிக்கு வடக்கே ஒரு மலைக் கண்டோன்மென்டில் வேலை. அங்கிருந்த கோல்ஃப் மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. கிளப்புக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொட ஆளில்லை. ஹையர் டைப்பிங் முடித்த பெண் ஒருத்தி குவார்ட்டர்ஸில் சும்மா இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, மறுநாளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

“மொத நாள் கை ஓடல சார். குளிரு. கரி அடுப்பு ஒண்ணக் கொண்டாந்து காலடியில வச்சாவ. பனி விலகுனதும் ஆப்பீசருமாரு ஈரச் சப்பாத்தோட வருவாவ. கார்டு நனஞ்சிருக்கும். அத அடுப்புமேல காட்டிக் காயவச்சு அடிப்பேன். பைன் மர வாசம் இருக்கே, கார்டுலயே வரும்.”

ஹேண்டிகேப் என்றால் என்ன என்று எனக்கும் அவர்தான் விளக்கினார். “கொறஞ்ச அடியில பதினெட்டுக் குழியிலயும் பந்தப் போட்டவருதான் ஜெயிச்சவரு. ஆனா நல்லா ஆடுதவரும் சுமாரா ஆடுதவரும் ஒண்ணா ஆடணும்லா. சுமாரா ஆடுதவருக்கு இத்தன அடி தள்ளுபடின்னு மொதல்லயே சொல்லிப்புடணும். அதான் ஹேண்டிகேப். அவிய கடேசி இருபது ஆட்டத்துல நல்ல பத்த எடுத்து கம்ப்யூட்டரு கணக்குப் போடும்.” சில வருடங்களுக்கு முன் விதியை மாற்றி, பத்தை எட்டாக்கிவிட்டார்கள். இப்போது போனிலேயே அதற்கெல்லாம் ஆப் வந்துவிட்டது. அந்தக் கிளப்பின் பன்னிரண்டு கிழவர்கள் மட்டும் பழைய கணக்கை விடவில்லை. பரிபூரணம் ஊர் திரும்பியபோது அந்த சாப்ட்வேரைப் பழைய பதிவுகளோடு சீடியில் எடுத்துக்கொடுத்து அனுப்பியதும் அவர்கள்தான். ‘பூரண்ஜி, நம்பர்?’ என்று ஞாயிறு மதியம் ஆளாளுக்குச் செய்தி வரும்.

இந்தப் பழக்கத்தால் ஊர்க்காரர்களுக்கும் ஹேண்டிகேப் போடுவார். நெரிசலில் பஸ்ஸை நெளித்து ஓட்டும் டிரைவருக்கு ஐந்து. மீட்டர் பார்க்க வரும் மின்வாரிய ஆளுக்குப் பதினெட்டு. எனக்கு எவ்வளவு என்று கேட்டேன். தயங்காமல் “இருவத்தெட்டு” என்றார்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே வாசிப்புச் சத்தம் பாதியில் நின்றது. செய்தித்தாள் வாங்க இறங்கியவன் நின்று பார்த்தேன்.

“எம்பத்தொண்ணு வயசு ஆளு எழுவத்தொம்போது அடியில முடிச்சிருக்காராம்,” என்றார் சங்கிலிப்பாண்டி. “போன மாசம் நூத்தி ரெண்டு. பொய்க் கார்டுட்டி. தூக்கி எறி.”

“கர்னல் பிஷ்ட் பொய் எழுத மாட்டாவ,” என்றார் பரிபூரணம். ஆனாலும் அவர் விரல் கீபோர்டில் இறங்கவில்லை.

அடுத்த வாரமும் எழுபத்தொன்பது. பதினெட்டுக் குழிக்கும் அதே எண்கள். மூன்றாவது வாரம் பரிபூரணம் போனைத் தானே வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆறாவது குழிக்கு நேரே நான்கு என்று எழுதி, அடித்து, பக்கத்தில் ஐந்து என்று எழுதியிருந்தது. மூன்று கார்டிலும் அதே இடத்தில் அதே அடித்தல்.

கம்ப்யூட்டரில் பழைய பக்கங்களைத் திறந்தார். தேட அவருக்கு நேரமாகவில்லை. தொண்ணூற்றொன்பது நவம்பர். எழுபத்தொன்பது. எண்ணுக்கு எண் அதே ஆட்டம்.

“அன்னைக்கு கப்பு மேட்ச் சார்,” என்றார் என்னிடம். “கார்டக் குடுக்க வந்தவிய ஜன்னல்கிட்ட நின்னு பேனா கேட்டாவ. ஆறாங்குழியில புல்லுக்குள்ள பந்து கெடந்துச்சாம். மட்டை லேசாப் பட்டு ஒரு வெரக்கட நகந்துட்டாம். பந்து நகந்தா அதுவும் ஒரு அடிதான் கணக்கு. யாரும் பாக்கல. இவியளே நால அடிச்சுட்டு அஞ்சு போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாவ. அந்த ஒரு அடியில கப்பு வேற ஆளுக்குப் போயிட்டு.”

அன்று மாலை கர்னல் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவிதான் எடுத்தார். இந்தியில் நெடுநேரம் பேச்சு. பரிபூரணம் ‘ஜி, ஜி’ என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. வைத்துவிட்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தீவாளிக்குப் பொறவு மைதானத்துக்கே போகலயாம். வழி மறந்துருதாம். மகன் பேரக்கூட மாத்திச் சொல்லுதாவளாம். ஞாயித்துக்கெழம காலையில மட்டும் சப்பாத்த மாட்டி, தொப்பியப் போட்டு, வராண்டாவுல ஒக்காந்து கார்டு எழுதுதாவளாம். பேரன் படம் புடிச்சு அனுப்புதான். பொறவு பொழுதுக்கும் ஒரே கேள்விதானாம். பூரண்ஜி நம்பர் அனுப்பிச்சாச்சா, அனுப்பிச்சாச்சான்னு.”

மூன்று வாரமாகப் பரிபூரணம் கர்னலுக்கு நம்பர் அனுப்பவில்லை.

சிக்கல் சிறியதல்ல. அந்தக் கார்டுகளைச் சேர்த்தால் கர்னலின் இருபத்தாறு, இருபதுக்கு இறங்கும். தை மாதம் பன்னிரண்டு பேரும் கூடி ஆடும் வருடாந்தர ஆட்டத்துக்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம். இத்தனை வருடத்தில் ஆடாத ஆட்டம் ஒன்றும் அந்தப் பெட்டிக்குள் போனதில்லை. அது பரிபூரணத்தின் கௌரவம். சேர்க்காவிட்டால், வராண்டாவில் ஒருவர் சப்பாத்தைக் கழற்றாமல் காத்திருப்பார்.

“சும்மா ஒரு நம்பர அனுப்பி விடேன்,” என்றார் சங்கிலிப்பாண்டி. குரலில் பழைய முறுக்கு இல்லை.

“சும்மா எப்பிடி அனுப்ப? அவியளுக்கா?”

பரிபூரணம் கார்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்தார். தேதிக் கட்டத்தில் மட்டும் இந்த வருடத்தைப் போடாமல் தொண்ணூற்றொன்பது நவம்பர் என்று போட்டார். இந்த ஆட்டம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று சாப்ட்வேர் சொன்னது.

“ஆமா,” என்றார் பரிபூரணம் திரையிடம்.

அந்தத் தேதியில் கர்னலின் ஹேண்டிகேப் என்ன என்று கேட்டார். பதினொன்று என்று வந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, கர்னலுக்கு மட்டும் அனுப்பினார். மற்றவர்களுக்குப் போகும் பட்டியலில் பிஷ்ட் பெயருக்கு நேரே இருபத்தாறு அப்படியே நின்றது. கர்னல் மனைவியிடம் கேட்டுக்கொண்டு, தை ஆட்டத்தை நடத்தும் மேஜர் தாப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவர் “பேர எடுத்துராதீங்க” என்று மட்டும் சொன்னாராம்.

பத்து நிமிடத்தில் கர்னலிடமிருந்து குரல் செய்தி வந்தது. கரகரத்த, ஆனால் தெளிவான குரல். சங்கிலிப்பாண்டி அனிச்சையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “பதினொண்ணு. கரெக்டா இருக்குன்னு சொல்லுதாவ. கிளப்புல பனி விலகிட்டான்னு கேக்காவ,” என்று பரிபூரணம் எனக்குத் தமிழில் சொன்னார்.

“என்ன சொல்லப் போறீங்க?”

“விலகிட்டுன்னுதான்.”

அன்றிலிருந்து எல்லா வாரமும் அதே கார்டு வருகிறது. பழைய படத்தையே திருப்பி அனுப்பிவிடலாம். பரிபூரணம் அப்படிச் செய்வதில்லை. பதினெட்டு எண்களையும் புதிதாக அடிக்கிறார், சாப்ட்வேர் ஏற்கெனவே இருக்கிறது என்கிறது, பிறகுதான் அனுப்புகிறார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அவிய ஒக்காந்து எழுதுதாவள்லா சார்” என்றார்.

போன ஞாயிறு நான் கீழே இருந்தேன். சங்கிலிப்பாண்டி வாசித்துக்கொண்டே வந்தவர், பதினொன்றாவது குழியோடு நிறுத்தினார். போனைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

“இதுக்கு மேல ஒண்ணும் எழுதலட்டி. ஏழும் காலியா இருக்கு.”

பரிபூரணம் போனை வாங்கிப் பார்க்கவில்லை. பழைய பக்கத்தையும் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி கறிக்கடைப் பை மேல் வைத்தார். விரல்கள் நிற்காமல் மீதி ஏழு எண்களையும் அடித்து முடித்தன.