யார் பின்னால எடுக்கறது?

அனந்தபுரத்துல இருந்து செஞ்சிக்கு வர்ற டவுன் பஸ்ல உக்காந்து இதை எழுதுறேன். ஒத்தை ரோடு. எதிர்ல நெல் லாரி. அரை மணி நேரமா ரெண்டும் நேருக்கு நேரா நிக்குது.

"நீ பின்னால எடு."

"லோடு இருக்குதுய்யா, நீ எடு."

என் பிஎச்டியே இதுதான். பல கம்ப்யூட்டர் சேர்ந்து வேலை செய்யும்போது, ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கிட்டு எல்லாமே நின்னுடும். நடுவுல இருக்கற மிடில்வேர்ங்கற சாஃப்ட்வேர் அதைக் கண்டுபிடிச்சு, ஏதாவது ஒண்ணைப் பின்வாங்க வைக்கணும். ஆறு வருஷமா அதைத்தான் எழுதுறேன்.

தாங்க முடியாம எறங்கிப் போய், "அண்ணா, யாராவது ஒருத்தர் பின்னால எடுத்தாதான் ரெண்டு பேரும் போக முடியும்"னேன்.

பஸ் டிரைவர் ஏற இறங்கப் பார்த்தார். "அது எங்களுக்குத் தெரியாதாம்மா? யாருன்னு சொல்லு."

காலையில என் ஆராய்ச்சிப் பேப்பரைத் திருப்பி அனுப்பின ரிவ்யூவரும் இதையேதான் கேட்டிருந்தார்.

"போய் சீட்ல உக்காரும்மா"ன்னார் கண்டக்டர். உக்காந்துட்டேன்.

இப்போ லாரிக்குப் பின்னால ரெண்டு டிராக்டர். டிரைவர்கள் ரெண்டு பேரும் புளியமரத்தடியில ஒரே தீக்குச்சியில பீடி பத்த வெச்சுக்கிட்டு இருக்காங்க.

யார் பின்னால எடுக்கணும்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ரிவ்யூவருக்குப் பதில் அனுப்பணும்.