எலி கடித்த பதினோரு மட்டைகள்

எங்கள் ஊரில் ஆதிமூலத்துக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இதை ஊர் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். வேட்டவலம் சாலையில் அவருக்கு எண்ணெய் ஆலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி வண்டியாக மல்லாட்டை வந்து இறங்கும். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். ஒரு காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெயில் காயணும், ஓட்டிக்கிட்டுப் போ" என்று வண்டியைத் திருப்பிவிடுவார். அவர் கணிப்பு ஒருநாளும் தப்பியதில்லை. வினையே அங்கேதான்.

1955இல் அவரும் பஸ் முதலாளி ராஜமாணிக்கமும் பாதிக்குப் பாதி போட்டு ஒரு ஹாக்கி டீம் ஆரம்பித்தார்கள். ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் ஐந்து பேர், கண்டக்டர்கள் நாலு பேர், கிடங்குக் காவல்காரன் பலராமன், அப்புறம் கடை கடையாக எண்ணெய்க்கு ஆர்டர் பிடித்த நான். கோல் போடுவது பலராமன் வேலை, வலது ஓரத்தில் ஓடுவது என் வேலை. முதலாளிகள் இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. எண்ணெய் முந்துமா திரி முந்துமா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வருடம் தொடர்ந்து வேலூர் டீமிடம் தோற்றோம். நாலாம் வருடம் ராஜமாணிக்கம் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் தோத்தா நான் கழண்டுக்கறேன், ஆதி. நீ ஒத்தையா நடத்திக்க."

ஒத்தையாக நடத்த யாரால் ஆகும்? அவர் பஸ் இல்லாவிட்டால் நாங்கள் வெளியூர் போய் ஆடவே முடியாது. அவர் போனால் டீம் கலைந்தது என்று அர்த்தம்.

ஆதிமூலம் அசரவில்லை. மெட்ராஸிலிருந்து பதினோரு புது மட்டை தருவித்தார். எண்ணெய் தடவி வைத்தால் மரம் வெடிக்காது என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். எந்த எண்ணெய் என்று இவர் கேட்பாரா? உலகத்தில் எண்ணெய் என்றால் அவர் ஆலையில் ஆட்டியதுதான்.

"மரத்துக்கு ஆளி விதை எண்ணெய்தான் போடுவாங்கனு ஆசாரி சொன்னாரு, மொதலாளி" என்று பலராமன் மெல்ல இழுத்தான்.

"எண்ணெயப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

தன் கையாலேயே ஒவ்வொரு மட்டைக்கும் மல்லாட்டை எண்ணெயை ஊற ஊறத் தடவி, கிடங்கில் மூட்டைகளின் மேல் அடுக்கி வைத்தார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

ஆட்டத்தன்று காலையில் கிடங்கைத் திறந்தால், பதினோரு மட்டையையும் எலி கடித்திருந்தது. ஒன்றிலும் வளைவு முழுசாக இல்லை. பிடியில் சுற்றிய துணியைக்கூட விட்டு வைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராஜமாணிக்கம் பலராமன் மேல் பாய்ந்தார். "காவக்காரன்னு பேரு! எலி வந்தது தெரியலையா? இன்னிக்கு நீ ஆட வேணாம். ஆதி, நாளைக்கே இவன வேலைய விட்டு அனுப்பு."

பலராமன் வாய் திறக்கவில்லை. முதலாளியைக் காட்டிக் கொடுப்பானா? நடந்தது தெரிந்த நாங்களும் ஊமையாக நின்றோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

ஆதிமூலம் ஒரு மட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அவன ஒண்ணும் சொல்லாத. அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் தடவினேன். தப்பு என்னுது" என்றார்.

சொன்ன கையோடு வேலூர்க்காரர்கள் தங்கியிருந்த சத்திரத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எங்க மட்டையெல்லாம் எலி தின்னுடுச்சுங்க. மல்லாட்டை எண்ணெய் தடவி வெச்சது நான்தான். ஜாஸ்தியா இருந்தா குடுங்க, ஆடி முடிச்சதும் குடுத்துடறோம்."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை ஆதிமூலம் நிமிர்ந்தே நின்றார். கடைசியில் ஏழு மட்டை கொடுத்தார்கள். மீதி நாலுக்கு எங்கள் பழசை எடுத்துக்கொண்டோம்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்றை இரவல் மட்டையால் பலராமன் போட்டான்.

ஆட்டம் முடிந்ததும் ராஜமாணிக்கம் எங்களிடம் வந்தார். டீம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

"பதினஞ்சு வருஷமா உன்ன எனக்குத் தெரியும், ஆதி. 'தப்பு என்னுது'னு நீ சொல்லி இன்னிக்குத்தான் கேட்டேன். இப்ப விட்டுட்டுப் போனா நான்தான் முட்டாள். அடுத்த வருஷமும் பாதிக்குப் பாதிதான்."

அறுபத்தேழு வரைக்கும் ஆடினோம். வேலூரை இரண்டு தடவை ஜெயிக்கவும் செய்தோம். ஆதிமூலத்தின் பெருமை மட்டும் குறையவில்லை. "நம்ம எண்ணெய் சுத்தம்னு எலியே சர்டிபிகேட் குடுத்திருக்கு" என்று கடைக்காரர்களிடம் சொல்லச் சொல்லுவார், நானும் சொல்லுவேன்.

ஆனால் எலி கடித்ததற்கு அடுத்த வருடம் புது மட்டைகள் வந்த அன்று, அவரே கடைத்தெருவுக்கு நடந்து போய் ஒரு பாட்டில் ஆளி விதை எண்ணெய் வாங்கி வந்தார். மறைக்காமல், எல்லாரும் பார்க்க, ஆலையின் முன்வாசல் வழியாக எடுத்து வந்தார். அந்த வாசலில் வேறொருவர் எண்ணெய் நுழைந்து நாங்கள் பார்த்ததே இல்லை. நேராகக் கிடங்குக்குப் போய் அதைப் பலராமன் கையில் கொடுத்தார்.

"நீயே தடவு, பலராமா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."