ஒரு குழிக்கு ஒருவர்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் படிக்கலாம். எனக்கு இது கதையில்லை. அன்று நான் போட்ட கையெழுத்து நகராண்மைக் கழகத்தின் மயானப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. தேதியும் நேரமும் இருக்கின்றன. மாலை 5.59. அதற்கு முந்தைய நாற்பது நிமிடங்களில் நடந்ததைப் பார்த்தபடி, கேட்டபடி எழுதுகிறேன். நான் கேவலமாக நடந்துகொண்ட இடத்தையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் லோகேஸ்வரி. கிள்ளானில் ஒரு பல் மருத்துவ கிளினிக்கில் வேலை செய்கிறேன். அம்மா அப்பா போன பிறகு எனக்கிருந்தது தம்பி விமலன் மட்டும்தான். வயது முப்பத்து நான்கு. கல்யாணமாகவில்லை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 2022, தீபாவளிக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லோரி ஒன்று மோதியது. அங்கேயே போய்விட்டான்.

பிரேதப் பரிசோதனை, போலீஸ் கடிதம், இன்னொரு கையெழுத்து... வெள்ளிக்கிழமை மதியம் 3.40க்குத்தான் அவனை எங்களிடம் கொடுத்தார்கள். கல்யாணமாகாதவர்களைப் புதைப்பதுதான் எங்கள் குடும்ப வழக்கம். பெர்மிட் கையில் இருந்தது. ஆனால் அது அன்று ஒரு நாளுக்கு மட்டும். மறுநாள் சனி, அப்புறம் ஞாயிறு, திங்கள் தீபாவளி. அன்று புதைக்க முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை புது பெர்மிட். அதுவரை அவன் மறுபடியும் ஆஸ்பத்திரியின் அந்தக் குளிர் அறைக்குப் போக வேண்டும். நான்கு நாட்கள் அவன் கிடந்த அந்த இழுப்பறையை நான் பார்த்திருந்தேன். திரும்ப அனுப்ப என்னால் முடியாது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவில்லை. மழை வேறு. மயான வாசலுக்கு நாங்கள் வந்தபோது மணி 5.20.

மயானத்தைக் கவனித்துக்கொள்ளும் கிளார்க் பெயர் கிருபானந்தன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பெர்மிட்டைப் படித்தார்.

"ஆறு மணிக்குள்ள முடியணும் அம்மா. குழி மூடி, மண் போட்டு, எல்லாம். ஆறு தாண்டினா என்னால கையெழுத்துப் போட ஏலாது."

"முடிச்சிடுவோம் சார்."

"இன்னொண்டு. ஒரு குழிக்கு ஒருவர்தான். வேற ஒண்டும் உள்ள வைக்கக் கூடாது."

அதை ஏன் சொன்னார் என்று புரியவில்லை. எல்லாரிடமும் சொல்வாராக்கும் என்று தலையாட்டினேன்.

குழி மயானத்தின் பின்கோடியில், பெரிய கால்வாய் ஓரமாக இருந்தது. காலையில் வெட்டியது. மழையில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. குழிவெட்டும் சின்னையா தலையில் அடித்துக்கொண்டார். விமலனோடு வேலை செய்த நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களும் பெட்டியை ஏற்றி வந்த வேன் டிரைவரும் சட்டையைக் கழற்றிவிட்டு வாளியோடு இறங்கினார்கள்.

சளக்... சளக்... சளக்...

நான் குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். மணி 5.31. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா... மணி என்ன?"

திரும்பினேன். சின்னப் பெண். இருபது வயதுகூட இருக்காது. வெளுத்த பருத்திப் புடவை. மார்போடு சேர்த்து ஒரு வெள்ளைத் துணி மூட்டை. குழந்தையைப் பிடிப்பது போல அணைத்திருந்தாள். அசைவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இவளும் என்னைப் போலத்தான் வந்திருக்கிறாள்.

"அஞ்சு முப்பத்தொன்னு."

"எனக்கு இடம் குடுக்க மாட்டேங்குறாங்க அக்கா."

"பெர்மிட் இருக்கா?"

"புள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல. பேர் இல்லன்னா பெர்மிட் இல்லையாம்."

வேறு நாளாக இருந்தால் அவள் கையைப் பிடித்திருப்பேன். கிளார்க்கிடம் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அன்று எனக்கு ஆறு மணி மட்டும்தான் தெரிந்தது. "ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

சளக்... சளக்...

"அக்கா... மணி என்ன?"

5.38. சொன்னேன்.

இந்த முறை சரியாகப் பார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் முடி, என் சட்டை, என் கைப்பை எல்லாம் சொட்டின. அவள் புடவை காய்ந்திருந்தது. மூட்டையின் துணியும் காய்ந்திருந்தது.

"கொஞ்சம் இடம் போதும் அக்கா," என்றாள். "உங்க தம்பி பக்கத்துல. கொஞ்சம் இடம்."

தம்பி என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

பயம் அப்போது வரவில்லை. கோபம்தான் வந்தது. இவளால் நேரமாகிவிடுமோ, கிளார்க் பார்த்துவிட்டால் பெர்மிட்டைப் பிடுங்கிக்கொள்வாரோ என்ற வெறி.

"இது என் தம்பி இடம்!" என்று கத்தினேன். "ஒரு குழிக்கு ஒருத்தர்தான். ரூல் தெரியாதா? போங்க!"

குழிக்குள் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்னைத்தான் பார்த்தார்கள்.

"யார்கிட்ட பேசறீங்க அக்கா?" என்றார் வேன் டிரைவர்.

பக்கத்தில் யாரும் இல்லை.

5.46. தண்ணீர் ஓரளவு குறைந்தது. சின்னையா ஏறி வந்து, "போதும், இறக்குங்க," என்றார். கயிறு போட்டார்கள். பெட்டி மெல்ல இறங்கியது.

நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

அவள் அங்கே நின்றாள். குழியின் மறு ஓரத்தில். சேற்றில் வெறுங்கால். பாதம் புதையவில்லை.

பெட்டி பாதி ஆழத்தில் இருந்தது.

அப்போது...

ஒரு சத்தம்.

மெல்லிய சத்தம். பிறந்த குழந்தை தூக்கத்தில் சிணுங்குமே... அப்படி.

கயிறு நின்றது. எல்லாருக்கும் கேட்டது. சத்தியமாக எல்லாருக்கும் கேட்டது. நான்கு பேர் முகமும் வெளுத்துவிட்டது.

"பூனை லா," என்றார் டிரைவர்.

மறுபடியும் கேட்டது. கால்வாய்ப் பக்கமிருந்து இல்லை. புதரிலிருந்து இல்லை.

கீழேயிருந்து.

பெட்டிக்குள்ளிருந்து.

"அக்கா," என்றான் விமலனின் நண்பன் ஒருவன். "தொறந்து பாப்பமா?"

மணி 5.51.

திறந்தால் கிளார்க் வருவார். போலீஸ் வரும். ஆறு தாண்டிவிடும். விமலன் மறுபடியும் அந்த இழுப்பறைக்குப் போவான். இவ்வளவும் ஒரு மூச்சில் என் தலைக்குள் ஓடியது.

எதிரே பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கையில் மூட்டை இல்லை.

நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

"மண்ணைப் போடுங்க."

யாரும் அசையவில்லை.

"போடுங்க!"

சின்னையாதான் முதல் மண்வெட்டியைப் போட்டார். தப்... ஈர மண் பலகையில் விழுந்தது.

சிணுங்கல்.

தப்...

சிணுங்கல்... கொஞ்சம் தூரத்தில்.

தப்... தப்...

நின்றுவிட்டது.

அவள் இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள்.

அடுத்த முறை பார்த்தபோது இல்லை.

பதிவேட்டில் 5.59க்குக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன். "சார், ஒரு சின்னப் பொண்ணு... கைப்பிள்ளையோட..."

கிருபானந்தன் நிமிர்ந்தார். "இண்டைக்கு உள்ள வந்தது உங்கட ஆக்கள் மட்டும்தான் அம்மா."

அந்தத் தீபாவளிக்கு நான் விளக்கேற்றவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சிணுங்கல்தான். உயிருள்ள ஏதோ ஒன்றின் மேல் மண் போடச் சொல்லிவிட்டேனோ? செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நகராண்மைக் கழகத்தின் கௌன்டரில் முதல் ஆளாக நின்றேன். குழியைத் தோண்டச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். சத்தம் கேட்டது என்றேன். அந்த அதிகாரி எனக்குத் தண்ணீர் கொடுத்து, கவுன்சலிங் நம்பர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். மூன்று முறை மனு எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில். போதுமான காரணம் இல்லை.

விமலனின் நண்பர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் புரிந்தது. அவர்களுக்கும் கேட்டிருந்ததே.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு அறிவிப்பு வந்தது. கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்களாம். ஓரத்திலிருக்கும் நாற்பத்தொரு குழிகளைத் தோண்டி எலும்புகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். முப்பது நாளுக்குள் ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம். நான் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தோண்டும் அன்று போகத் துணிவில்லை. வீட்டில் இருந்துவிட்டேன்.

தோண்டிப் பத்து நாள் கழித்து இரண்டாவது கடிதம். மலாயில் இருந்தது. நான்கு வரிதான். விதிமுறைக்கு மாறாக ஒரே குழியில் இரண்டு உடல்கள் இருந்தது குறித்து நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

போனேன். கிருபானந்தன் ஓய்வு பெற்றுவிட்டார். சின்னையா மட்டும் வெளியே மரத்தடியில் எனக்காகக் காத்திருந்தார். தோண்டியவர் அவர்தான்.

"ஆஸ்பத்திரியில அடிச்ச ஆணி எட்டும் அப்படியே இருந்திச்சும்மா," என்றார். "நான்தான் நெம்பித் தொறந்தேன்."

"உள்ள...?"

"பொட்டலம் மாதிரி சின்னதா. உங்க தம்பி நெஞ்சு மேல. நாம கைய நேரா வச்சுக் கட்டித்தானே அனுப்புவோம். கட்டு அவுந்து கிடந்திச்சு. வலது கை முழங்கையில மடங்கி... அந்தப் பிள்ளைய அணைச்சாப்ல இருந்திச்சும்மா."

உள்ளே அதிகாரி என்னை வெகு நேரம் கேள்வி கேட்டார். கடைசியில் ஆஸ்பத்திரி அறிக்கையைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். போலீஸ் விசாரணை எதுவும் இருக்காது என்றார். அவருக்கே அது பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பெண் குழந்தை. பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்காது. ஆனால் இறந்து அறுபது ஆண்டுகளுக்குக் குறையாது என்று எழுதியிருந்தது.

என் தம்பி பிறப்பதற்கு முன்பே இறந்துபோன குழந்தை அது.

மறுபடி புதைக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டு பேரை ஒன்றாக வைக்க வேண்டுமென்றால் உறவு காட்ட வேண்டும், குழந்தைக்கு ஒரு பெயரும் வேண்டும். அந்தப் பேனாவை நான் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

தாமரை என்று எழுதினேன். விமலனின் மகள் என்று எழுதினேன்.