இன்றைக்கு மட்டும் லீவு

வாடிப்பட்டியில் திண்டுக்கல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். தையல் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றுகிறது. விரலில் கட்டுப் போட்ட ஒருத்தியை மட்டும் சூப்பர்வைசர் ஏறவிடவில்லை. வேன் போனதும் என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன தாயி, ஒன்னைய மட்டும் விட்டுட்டுப் போறாக?"

"வெளிநாட்டுக்காரவுக கம்பெனியப் பாக்க வாராக அய்யா. காயம் பட்டவுகளுக்கெல்லாம் இன்னைக்கு லீவு."

மேலூர்ப் பக்கம் நான் கல் உடைத்த காலத்திலும் இப்படித்தான். ஆபீசர் ஜீப் தெரிந்தால், அடிபட்டவர்களை மேஸ்திரி கோயிலுக்கு அனுப்பிவிடுவார். நாங்களும் சந்தோஷமாகப் போய்ச் சுண்டல் தின்போம்.

"வெரல்ல என்ன?"

"தையல் ஊசி ஏறிருச்சு. வேல வேகமா ஓடணும்னு மிஷின்ல தடுப்பக் கழட்டிட்டாக. இன்னைக்கு மட்டும் மாட்டிருப்பாக."

"சரி, வீட்டுல போயிப் படு."

"அடுத்தவாட்டி அவுக வாரதுக்குள்ள வெரல் ஆறிருமே! அப்புறம் எதக் காட்டுறது?"

டவுன் பஸ் வருகிறது. கட்டு இடிபடாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறுகிறாள்.

"அண்ணே, தையல் கம்பெனி கேட்டுல நிப்பாட்டுங்க."