செவலைக்காகக் கட்டிய சேலை

எழுபதுகளில் சின்னமனூர் ஆஸ்பத்திரி ஒன்றில் என் மனைவிக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை.

அந்த வார்டு நர்ஸ் நெட்டையான அம்மாள், கணீரென்ற குரல். தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் வீட்டு நிலவரம் கேட்பார். வாயில் வைத்துவிட்டால் பேச முடியாதல்லவா!

அன்று அவர் கேட்டதும் என் மனைவி அழுதுவிட்டாள். "செவலைப் பசு என்னையத் தவிர யாரையும் மடியத் தொட விடாது. பால் கட்டிக்கிட்டுத் தவிக்குதாம்."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, மதினி கட்டி அவுத்த சேலையக் கட்டிக்கிட்டுப் போயிக் கறங்க."

எனக்குக் கோபம் வந்தது. "காயத்துக்கு மருந்து குடுங்கம்மா. மாட்டுப் பேச்சு எதுக்கு?"

"மதினி பாதி இங்கன, பாதி உங்க தொழுவத்துல கெடக்காக. இங்கன இருக்கிற பாதிக்கு மட்டும் மருந்து குடுத்தா எப்படிண்ணே குணமாகும்?"

அன்று சாயங்காலமே எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில், முறுக்கிய மீசையோடு, சேலை கட்டிக்கொண்டு செவலையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது சேலையை மோந்து பார்த்தது. செம்பு நிறையச் சுரந்தது. தெருவே வேலியோரம் நின்று சிரித்தது.

மறுநாள் இதைச் சொன்னதும், "சிரிக்க வைக்காதீக, தையல் பிரிஞ்சிரும்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் என் மனைவி. பிறகு இட்லி கேட்டாள்.

அந்த அம்மாளின் பேரைக் கேட்காமலே வந்துவிட்டோம். அதனால் செவலை அடுத்து ஈன்ற கிடாரிக் கன்றுக்கு 'நர்ஸம்மா' என்றே பேர் வைத்தோம். பயிரில் இறங்கி மேய்ந்தால்கூட அதை அதட்ட எனக்கு வாய் வராது. "வாங்க நர்ஸம்மா" என்றுதான் கூப்பிடுவேன்.